ஆறில் ஒன்று, பெயர் லாந்த்ரி

கெதுத் லாந்த்ரி பிறந்தபோதே கணக்கு கொஞ்சம் உதைத்தது. முண்டுக் செலெம் ஊரில் முதல் பிள்ளைக்கு வாயன், இரண்டாவதற்கு மாடே, மூன்றாவதற்கு ஞொமான், நான்காவதற்கு கெதுத். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வாயன்தான். பெற்றவர்களுக்கு அதற்கு மேல் எண்ணத் தெம்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். லாந்த்ரி வீட்டில் உயிரோடு நடமாடிய பிள்ளைகள் மூன்றே பேர், அவள் கடைசி. ஆனாலும் அவள் கெதுத், நான்காவது. நடுவில் ஒரு ஞொமான் பிறந்து, பெயர் வைத்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டான். ஆள் போனாலும் அவனுடைய எண் போகவில்லை. செத்தவனுக்கு வரிசையில் இடம் கொடுத்த ஊர், இருக்கிறவளுக்குக் கொடுக்க என்ன பாடுபடுத்தியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

லாந்த்ரிக்கு வாய் நீளம். சந்தை முக்கில் உட்கார்ந்து ஆப்பம் மாதிரி ஒரு பலகாரம் சுட்டு, தேங்காய்ப்பூவும் பனைவெல்லப் பாகும் ஊற்றி விற்பாள். பலகாரம் சுமார்தான். அவள் வாயைக் கேட்கத்தான் பாதிப் பேர் வந்து நின்றார்கள். பக்கத்து ஊரில் ஒருத்தனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் சண்டைச் சேவல் பைத்தியம். சேவலுக்கு முட்டையும் தேனும், இவளுக்கு நேற்றைய சோறு. சில வருஷம் பொறுத்தாள். பிள்ளையும் இல்லை. ஒருநாள் அவன் ஆசையாக வளர்த்த சிவப்புச் சேவலை அறுத்து, மஞ்சளும் இஞ்சியும் எலுமிச்சைப் புல்லும் போட்டுக் கொதிக்க வைத்து, அவனுக்கே பரிமாறினாள். அவன் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்குக் குழம்பு பிரமாதம்" என்றான். லாந்த்ரி துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

திரும்பி வந்த மகளுக்கு எங்கள் வழக்கப்படி சோறு உண்டு, படுக்க இடம் உண்டு. நிலம் கிடையாது. அப்பா அதை மீறினார். சாகக் கிடந்தபோது தண்ணீர்ச் சங்கத் தலைவர் பான் ரஸ்மியைக் கூப்பிட்டனுப்பி, பிள்ளைகள் மூவரையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

"என் நெலம், என் தண்ணி, பாதி பெரியவன் கெஜிருக்கு. வீட்டுக் கோயிலை அவன்தான் பாத்துக்கணும். மூணுல ஒரு பாகம் நடுவுலவன் சுபாருக்கு. மிச்சம் இருக்கறது லாந்த்ரிக்கு."

பாதியும் மூன்றில் ஒன்றும் போனால் மிச்சம் ஆறில் ஒன்று. அப்பாவுக்கு மூச்சு வாங்கியதால் அந்தக் கணக்கைச் சொல்லாமல் 'மிச்சம்' என்று முடித்துவிட்டார். அதுவே வினையாகிப் போனது. அன்றிலிருந்து கெஜிருக்குத் தங்கச்சியின் பெயர் மறந்துவிட்டது. "மிச்சம் எங்க போச்சு?" "மிச்சத்துக்கிட்ட உப்பு இருக்கான்னு கேளு." அண்ணன் கூப்பிட்டதைப் பார்த்து ஊரும் கூப்பிட்டது. லாந்த்ரி திருப்பிக் கொடுக்காமல் இல்லை, கெஜிரின் வழுக்கைக்கு அவள் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. ஆனாலும் அந்தச் சொல் அவளுக்கு வலித்தது. கறிவேப்பிலையைக்கூடக் கடைசியில்தான் ஒதுக்குகிறார்கள், என்னை முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள் என்று கெஜிரின் பெண்டாட்டியான அண்ணியிடம் சொல்லி ஒருமுறை அழுதும் இருக்கிறாள்.

எங்கள் ஊரில் தண்ணீர்ப் பங்கு எப்படிப் பிரிகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பலாமரக் கட்டையைப் போடுவார்கள். அதன் மேல்முகத்தில் பங்குக்குத் தக்க அகலத்தில் வெட்டுகள் இருக்கும். எல்லா வெட்டுக்கும் அடிமட்டம் ஒன்றேதான். அகல வெட்டு வழியாக நிறையத் தண்ணீர் போகும், ஒடுங்கிய வெட்டு வழியாகக் கொஞ்சம் போகும். கட்டைக்குக் கண் கிடையாது, மாமன் மச்சான் கிடையாது. எந்த வெட்டு யாருடையது என்பதைச் சங்கக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயரையும் பங்கையும் தலைவர் சொல்ல, அந்த ஆள் "இருக்கேன்" என்று பதில் கொடுக்க வேண்டும். பெயர் கூப்பிடப்படாதவனுக்குக் கூட்டத்தில் வாயும் கிடையாது, வரப்பில் உரிமையும் கிடையாது.

அப்பாவின் எரியூட்டுச் சடங்கெல்லாம் முடிந்து, பங்கு பிரிக்கக் கூட்டம் கூடியது. ஆண்கள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் சுவருக்கு வெளியே உட்கார்ந்து சாமிக்கு ஓலைத்தட்டு முடைந்துகொண்டிருந்தார்கள். லாந்த்ரியும் அங்கேதான். அவளுக்குக் கையில் ஓலை, காது முழுக்கச் சுவருக்கு உள்ளே.

பான் ரஸ்மி விரலை நீட்டிக் கணக்குப் போட்டார். "அப்பன் வெட்டு நாலு விரல் அகலம். பாதின்னா ரெண்டு விரல், கெஜிருக்கு ஆச்சு. மூணுல ஒண்ணுன்னா ஒரு விரலும் இன்னும் கொஞ்சமும், சுபாருக்கு ஆச்சு. மிச்சம் நிக்கறது முக்கா விரலுக்கும் கம்மி. விரலுக்குக் கீழ வெட்டு போடறது நம்ம ஊர்ல இல்லையே. ஒரு மூங்கில் இலை வந்து விழுந்தா அடைச்சுக்குமே."

கெஜிர் மடியில் வைத்திருந்த சேவலைத் தடவிக்கொண்டே சொன்னான். "அப்ப அது பங்கே இல்ல தலைவரே. முழு விரலே தேறாததை ஒரு எண்ணுன்னு எவன் எண்ணுவான்? எனக்கு மூணு, சுபாருக்கு ரெண்டு, அஞ்சு பாகமா வெட்டிடுங்க. அந்தப் புள்ளைக்கு நான் பாத்து விடுறேன்."

பாத்து விடுறேன்! இவன் பார்த்து விட்ட லட்சணம் ஊருக்கே தெரியும். தன் வாத்துக்குக் கூடத் தவிட்டை எண்ணித்தான் போடுவான். ஆறில் மூன்று வைத்திருந்தவன் ஐந்தில் மூன்றுக்குத் தாவப் பார்க்கிறான் என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்தது. சுபாருக்கும் புரிந்தது. ஆறில் இரண்டை விட ஐந்தில் இரண்டு பெரியது என்பதால் அவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சுவருக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "அண்ணே! போன திருவிழாவுல நீயும் பக்கத்து வீட்டுக்காரனும் ஆளுக்குப் பாதின்னு ஒரு பன்னி குடுத்தீங்களே, சாமி திருப்பி அனுப்புச்சா? பாதி எல்லாம் பன்னியே இல்ல, முழுசா கொண்டாடான்னு கேட்டுச்சா?"

கூடம் குலுங்கியது. கெஜிருக்குக் காது சிவந்தது. "வாயை மூடு புள்ள. பன்னி வேற, தண்ணி வேற. விரலுக்குக் கம்மின்னா கம்மிதான்."

"விரல் பத்தலைன்னா கட்டையைப் பெருசா வெட்டு! ஊர்ல பலாமரமே இல்லாம போச்சா?"

லாந்த்ரி யோசித்துச் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைக் கத்தினாள், அவ்வளவுதான். ஆனால் பான் ரஸ்மியின் கையில் காப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றுவிட்டது.

"இரு, இரு. அப்பன் வெட்டு வழியா வந்த தண்ணியை உங்க சொந்த வாய்க்கால்ல மூணாப் பிரிக்கத்தானே போறோம்? அங்க போடற கட்டை நாலு விரல்தான் இருக்கணும்னு எவன் சொன்னான்? பெருசா வெட்டுவோம். ஒன்பது விரல், ஆறு விரல், மூணு விரல். மொத்தம் பதினெட்டு. பதினெட்டுல மூணும் ஆறுல ஒண்ணும் ஒண்ணுதானே?"

"தண்ணி கூடிடுமா?" என்று சுபார் ஆசையாகக் கேட்டான். அவனுக்கு வயலை விட வயலில் பிடிக்கும் விலாங்கு மீன்மேல்தான் கண்.

"எப்படிடா கூடும்? வர்றது அதே தண்ணிதான். ஆழம் குறையும், அகலம் கூடும். பங்கு அப்படியே நிக்கும்."

பள்ளிக்கூடத்தில் இதையே மூன்று பாடமாக வைத்து, மூன்று பெயர் சொல்லி, பிள்ளைகளின் காதைத் திருகுகிறார்கள். முழு எண் ஒரு சாதி, பின்னம் இன்னொரு சாதி, இரண்டையும் சேர்த்துக்கொள்ளும் விகிதமுறு எண் என்று பெரிய வீட்டுப் பெயர் வேறு. கட்டையைப் பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பம்தான். கெஜிரின் பாதி, சுபாரின் மூன்றில் ஒன்று, லாந்த்ரியின் ஆறில் ஒன்று, இந்த மூன்றையும் ஆறு பாகத்தின் கணக்கில் சொல்லிப் பாருங்கள். மூன்று, இரண்டு, ஒன்று என்று முழுசு முழுசாக வந்து நிற்கும். முழுசு என்று மார்தட்டுகிற ஒன்றும்கூட ஆறில் ஆறுதான். எத்தனை பாகத்தில் என்று கேட்டால் எந்த முழு எண்ணும் பின்னம்தான். யாருமே இல்லாத வீட்டுக்கு, அதாவது பூஜ்யம் பேருக்கு மட்டும் பங்கு பிரிக்க முடியாது. அதற்கு எந்தத் தச்சனிடமும் கட்டை கிடையாது.

ஆனால் பான் ரஸ்மி ஒரு முடிச்சும் போட்டார். "கட்டையில வெட்டு விழும். கூட்டத்துல பேர் ஏறணும்னா வீட்டுக்கு மூத்தவன் தன் வாயால 'இது இவளோட பங்கு'ன்னு சொல்லணும். அது நம்ம விதி. அடுத்த கோயில் விழா வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள பேர் ஏறலைன்னா அந்த வெட்டை அடைச்சிடுவோம்."

"அடைக்கற வேலைக்கு ஆப்பு நானே செதுக்கித் தர்றேன்" என்றான் கெஜிர்.

இனி வருவதுதான் கூத்து. எங்கள் பக்கம் யாரும் இடது வலது என்று சொல்வது கிடையாது. மலைப்பக்கம், கடல்பக்கம், அவ்வளவுதான். வாயோரம் சோறு ஒட்டியிருந்தால்கூட "மலைப்பக்கம் தொடச்சுக்கோ" என்போம். மலைப்பக்கம் சாமிக்கு. கடல்பக்கம் பன்றிக் கொட்டிலுக்கும் குப்பைமேட்டுக்கும். ஊரில் எல்லா வாய்க்காலும் மலையிலிருந்து கடலைப் பார்த்து ஓடும். இவர்கள் வாய்க்கால் மட்டும் ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பும். அந்தத் திருப்பத்தில்தான் கட்டை போட வேண்டும். அதனால் கட்டையின் ஒரு முனை மலைப்பக்கம், மறு முனை கடல்பக்கம். மலைப்பக்கம் மூங்கில் நிழலில் கிடந்த பள்ளம் லாந்த்ரியுடையது. நடுவில் சுபார். கடல்பக்கம் கெஜிரின் பெரிய வயல்.

இதை மட்டும் கெஜிரிடம் சொல்லிவிடக் கூடாது. மூத்தவன் வயல் கடல்பக்கமா? வயல் மூலையில் நெல்தெய்வத்துக்கு ஒரு சின்னக் கோயில் கட்டி வைத்திருந்தான். அந்தக் கோயில் வயலின் மலைப்பக்க மூலையில் இருப்பதால் வயலே மலைப்பக்கம்தான் என்பது அவன் வாதம். ஒரு தடவை லாந்த்ரி, "அண்ணே, நீ கோயிலைக் கட்டினா மலை நகர்ந்து வந்துடுமா?" என்று கேட்டதற்கு ஒரு போகம் முழுக்க அவளோடு பேசவில்லை. அப்புறம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் கள்ளுக் கடையில் அவன் பக்கத்தில் உட்கார முடியாது.

கட்டை போடும் நாள் வந்தது. பூசாரி, மணி, தீர்த்தக் குடம், பூ, பொரித்த வாத்து எல்லாம் வரப்புக்கு வந்து சேர்ந்தன. கெஜிர் காலையிலேயே இரண்டு மூங்கில் குழாய் கள்ளைத் தொண்டையில் இறக்கியிருந்தான். புது வேட்டி, புதுத் தலைக்கட்டு. நாலு பேர் கட்டையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி நின்றார்கள்.

பான் ரஸ்மி கேட்டார். "கெஜிர், ஒன்பது விரல் வெட்டு எந்தப் பக்கம் வரணும்?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கெஜிர் நெஞ்சை நிமிர்த்தினான். "இதென்ன கேள்வி தலைவரே? மலைப்பக்கம்! மூத்தவனோட தண்ணி வேற எந்தப் பக்கம் போகும்?"

பான் ரஸ்மி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். சுபார் வானத்தில் பறந்த கொக்கைப் பார்த்தான். லாந்த்ரி பொரித்த வாத்துத் தட்டோடு அங்கேயே நின்றிருந்தாள். பிறந்ததிலிருந்து அன்றுதான் முதன்முறையாக அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள் என்று அவளே பிற்பாடு சொல்வாள். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டாளாம்.

கட்டை இறங்கியது. மணி அடித்தது. தீர்த்தம் தெளித்தார்கள், நெற்றியில் அரிசி ஒட்டினார்கள். பூசாரி பின்வாங்கியதும் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். தண்ணீருக்கு மூத்தவன் யார், இளையவள் யார் என்று தெரியுமா? ஒன்பது விரல் வெட்டில் பாய்ந்து குபுகுபுவென்று மலைப்பக்கம், லாந்த்ரியின் பள்ளத்துக்குப் போனது. நடுவில் ஆறு விரல், சுபாருக்கு வர வேண்டியது வந்தது. கடல்பக்கம் மூன்று விரல் வெட்டு வழியாக, பூனை சிறுநீர் கழித்தது மாதிரி கெஜிர் வாய்க்காலில் கொஞ்சம் வழிந்தது. மூன்று, இரண்டு, ஒன்று என்பது அப்படியே தலைகீழாகி ஒன்று, இரண்டு, மூன்று.

கெஜிருக்குக் கள் போதை இறங்கிப் போனது. "திருப்பிப் போடுங்கடா! தப்பா போட்டுட்டீங்க!"

"தீர்த்தம் தெளிச்சாச்சுப்பா" என்றார் பூசாரி, வாத்துக் காலைக் கையில் எடுத்தபடி. "அடுத்த விழா வரைக்கும் சாமி கட்டை. இனிமே கை வெக்க முடியாது."

"நான் கேட்டேன், நீ சொன்னே. நான் என்ன பண்ணுவேன்?" என்றார் பான் ரஸ்மி.

லாந்த்ரி தட்டைக் கீழே வைத்துவிட்டு மூங்கில் புதருக்குப் பின்னால் போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்குப் போயும் சிரித்தாள். மறுநாள் சந்தையில் பலகாரம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, "மலைப்பக்கம்!" என்று நடித்துக் காட்டினாள். அன்று மாவு தீர்ந்துபோய்ச் சீக்கிரமே கடையை மூட வேண்டி வந்தது.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. அவள் கேட்டது ஆறில் ஒன்று, வந்து சேர்ந்தது பாதி. அந்தத் துண்டுப் பள்ளம் அவ்வளவு தண்ணீரை எங்கே வைத்துக்கொள்ளும்? நட்ட நாற்றின் நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. ஊர் வாத்தெல்லாம் வந்து நீந்திக் குளித்தன. சுபார் கூடையோடு வந்து, "தங்கச்சி, உன் வயல்ல இப்ப விலாங்கு நல்லா கிடைக்குது" என்று சந்தோஷப்பட்டான். அவள் வரப்பை ஓர் இடத்தில் உடைத்து, வேண்டாத தண்ணீரைப் பள்ளத்தாக்கில் ஓட விட்டுத்தான் நாற்றைக் காப்பாற்றினாள்.

கெஜிர் வயலில் நேர் எதிர். அவன் வரப்பு முழுக்க நண்டு வளை. அப்பா காலத்தில், தண்ணீர் தாராளமாக வந்தபோது அது யார் கண்ணிலும் படவில்லை. ஒரு பங்கு வரும்போது, அதற்கு மேலேயே வளை வழியாக ஒழுகிப் போனது. வருவது ஒன்று, போவது இரண்டு. கழித்தால் இல்லை என்றுகூடச் சொல்ல முடியாது, இல்லைக்கும் கீழே ஒன்று. பூஜ்யத்துக்குக் கீழே எண்ணே கிடையாது என்று நினைப்பவர்கள் வந்து அந்த வயல் வெடிப்பில் காலை விட்டுப் பார்த்திருக்கலாம். நாற்று பழுத்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

ஒருநாள் காலை கெஜிர் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லாந்த்ரியின் வரப்பில் வந்து நின்றான். இருமினான்.

"என்ன அண்ணே இருமல்? கொஞ்சம் தண்ணி குடி. அட, உன் பக்கம் தண்ணி இல்லல்ல?"

"என் தண்ணி உன் பள்ளத்துல நிக்குது."

"உன் தண்ணியா? இது மலைப்பக்கத் தண்ணி. நீதானே ஊரைக் கூட்டி வெச்சுச் சொன்னே."

"வெளாட்டு போதும் புள்ள. கட்டையைத்தான் தொடக் கூடாது. கட்டைக்குக் கீழ நீ என்ன வேணா பண்ணலாம். ரெண்டு பங்கை இந்தப் பக்கம் திருப்பி விடு."

லாந்த்ரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். "விடுறேன். நீ கூட்டத்துல எழுந்து நின்னு 'லாந்த்ரிக்கு ஒரு பங்கு'ன்னு சொல்லு. அவ்வளவுதான். பல்லு ஒண்ணும் கொட்டிடாது."

கெஜிர் அவளைப் பார்க்காமல் சேவலைப் பார்த்துச் சொன்னான். "மிச்சத்துக்கெல்லாம் பேரு கிடையாது."

அவன் போய்விட்டான். லாந்த்ரிக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. சந்தையில் எத்தனையோ பேரை வாயாலேயே ஓட ஓட விரட்டியவள், அன்று வரப்பில் குந்தி அழுதாள். நாசமாய்ப் போகட்டும், அவன் வயல் பொட்டலாகட்டும், சேவலுக்குப் புல்லைப் போடட்டும் என்று மனதார வைதாள்.

வைதுவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் அவன் வயலைக் கடந்துதான் போக வேண்டும். கடந்தாள். நின்றாள். அந்த வயலில்தான் அவள் முதன்முதலில் நாற்று நட்டது. அம்மா முன்னால் நட்டுக்கொண்டே போக, இவள் பின்னால் கோணலாக நட, அப்பா வரப்பில் படுத்துக்கொண்டு, "பாம்பு போன தடம் மாதிரி இருக்கு" என்று கேலி பண்ணுவார். இப்போது அந்த நாற்றெல்லாம் தலை தொங்கி நின்றது. லாந்த்ரிக்குப் பொறுக்கவில்லை.

"அவன் பண்ணின திமிருக்கு நீங்க என்னடி பண்ணுவீங்க?" என்று நாற்றைப் பார்த்துக் கத்தினாள். அண்ணி வயலோரத்து அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இது வழக்கமான கத்தல்தான் என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை லாந்த்ரி ஒரே பருமனில் மூன்று மூங்கில் வெட்டி, கணுவைக் குடைந்து குழாயாக்கினாள். கட்டையிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளித் தன் வாய்க்காலை மண்ணால் அடைத்து, மூன்று குழாயையும் ஒரே மட்டத்தில் பதித்தாள். ஒன்று தன் பள்ளத்துக்கு. இரண்டு, சுபாரின் வாய்க்காலுக்கு மேலே பாலம் மாதிரி குறுக்கே போய்க் கெஜிரின் வாய்க்காலில் விழும். அவளிடம் இருந்த மூன்றில் இரண்டு போக ஒன்று. அவனிடம் இருந்த ஒன்றோடு இரண்டு சேர்ந்தால் மூன்று. சாமி கட்டையை அவள் தொடவே இல்லை.

"தங்கச்சி, என் தலைக்கு மேல தண்ணி போகுது!" என்றான் சுபார்.

"போகட்டும். உள்ள நனையறதுக்கு அங்க என்ன இருக்கு?"

தென்னை மரத்துக்குப் பின்னால் கெஜிர் நின்றிருந்தான். நன்றி சொல்லுவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவனும் ஏமாற்றவில்லை. "அந்த ரெண்டாவது மூங்கில் ஒழுகுது" என்றான்.

"ஒழுகுற இடத்துல உன் வாயை வெச்சு அடை. ரெண்டுக்கும் நல்லது."

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தினமும் விடிந்ததும் யாரோ வந்து அந்த மூங்கில் வாயில் சேர்ந்த இலையை வழித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். சேவல் இறகு ஒன்று கிடந்ததால் யார் என்று லாந்த்ரிக்குத் தெரியும். அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நண்டு வளையையும் அவன் ஒவ்வொன்றாக அடைத்தான். கதிர் வந்தது. மூன்று வயலிலும் ஒன்றுபோலத் தலை சாய்ந்து நின்றது.

அறுவடை முடிந்து கோயில் விழாவும் வந்தது. பழைய கட்டையை எடுத்துக் கரையில் வைத்துவிட்டுக் கூட்டம் கூடியது. ஆண்கள் கூடத்தில், பெண்கள் சுவருக்கு வெளியே ஓலையோடு. அன்று கூட்டத்துக்கு வராதவன் எவனும் இல்லை. வேடிக்கை என்றால் எங்கள் ஊருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

பான் ரஸ்மி காப்பியை ஆற அமரக் குடித்துவிட்டுக் கேட்டார். "கெஜிர், இந்த வாட்டி அகல வெட்டு எந்தப் பக்கம்?"

கெஜிர் முணுமுணுத்தான்.

"காது கேக்கலப்பா."

"கடல்பக்கம்! என் வயல் கடல்பக்கம்தான்! போதுமா? எல்லாரும் நல்லா சிரிங்க."

நல்லா சிரித்தார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று பான் ரஸ்மி காத்திருந்தார்.

"நடு வெட்டு சுபாருக்கு. அது எப்படிப் போட்டாலும் நடுவுலதான் கிடக்கும், அவனை மாதிரியே. அப்ப மலைப்பக்கம் வர்ற மூணு விரல் வெட்டு யாரோடது? நீதான் சொல்லணும். யாரோடதும் இல்லைன்னா, ஆப்பு வெச்சு அடைச்சிடுறேன். அப்புறம் மொத்தம் ஆறு பாகம் கிடையாது, அஞ்சு. அஞ்சுல மூணு உனக்கு, ரெண்டு சுபாருக்கு. அப்பவே நீ கேட்டதுதான்."

சுவருக்கு வெளியே லாந்த்ரியின் கை ஓலையில் அப்படியே நின்றது. அண்ணன் முன்னால் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. 'இல்லை' என்று அவன் தலையை ஆட்டினால் போதும். இனி அவள் வயலுக்கு ஒரு சொட்டு வேண்டுமென்றாலும் அவன் வாசலில் போய் இரும வேண்டியதுதான். திறந்த வாயை மூடிக்கொண்டு அவள் சாமியை வேண்டினாள். அவளுக்கு அது பழக்கமில்லாத காரியம்.

கெஜிர் மடியில் இருந்த சேவலைத் தடவினான். நிறுத்தினான். சுபார் அவனையே பார்த்தான்.

"அஞ்சு இல்ல தலைவரே" என்றான் கெஜிர். "ஆறு."

"ஆறாவது யாரு?"

"யாருன்னா... அவதான். லாந்த்ரி. அவளுக்கு ஒரு பங்கு."

பான் ரஸ்மி பெயர் கூப்பிட ஆரம்பித்தார். அந்த வாய்க்காலின் முறை வந்தது.

"கெஜிர், மூணு."

"இருக்கேன்."

"சுபார், ரெண்டு."

"இருக்கேன்."

"லாந்த்ரி, ஒண்ணு."

சத்தம் இல்லை. ஆண்கள் எல்லோரும் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருநாளும் மூடாத வாய் எங்கே போனது என்று அவர்களுக்குப் புரியவில்லை. தன் பெயரை அந்தக் கூடத்தில் யாரும் கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை. பதில் சொல்ல வேண்டியது தான்தான் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

"செத்துகித்துப் போயிட்டாளா?" என்றான் கெஜிர், சத்தமாக.

பக்கத்தில் இருந்த அண்ணி முழங்கையால் ஓர் இடி இடித்தாள். லாந்த்ரி முடைந்த ஓலையோடு எழுந்தாள். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, மலைப்பக்கம் ஒரு கன்னம், கடல்பக்கம் ஒரு கன்னம், சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இருக்கேன்" என்றாள்.